தலைகீழாகப் படித்த எண்

(நமது கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொள்ளைநோய்க் காலத்தில் வைத்தியத் துறைக்கு டிசைனர்கள் எப்படி உதவலாம் என்பது பற்றிப் பேச வேண்டும் என்று நமது காரியதரிசி இரண்டு மாதமாக என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் டிசைனரும் அல்ல, டாக்டரும் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பாஸ் செய்துவிட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். டிசைனர் என்றால் கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கை தைத்துக் கொடுப்பவர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு பொருளை யார், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு பதற்றத்தோடு கையில் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கு உருவம் கொடுப்பவரும் டிசைனர்தான் என்பது 2021-ல்தான் எனக்கு உறைத்தது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசி வாரம். டில்லி எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும், இருவருக்கும் ஜுரம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். காலையில் என் மனைவியின் விரலில் அதை மாட்டி, கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். 98 என்று காட்டியது. நாடித்துடிப்பு 101. ஜுரத்தில் நாடி கொஞ்சம் ஓடத்தான் செய்யும் என்று எண்ணி, பிராணவாயு நன்றாக இருக்கிறதே என்று திருப்தியோடு கஞ்சி வைக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் பெங்களூரிலிருந்து பெண் வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா பேசறபோதே மூச்சு வாங்கறதே, மெஷினைக் காமிராவுக்கு நேரா காட்டுங்கோ" என்றாள். காட்டினேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "அப்பா, நீங்க தலைகீழா பாத்திருக்கேள். அது 86" என்றாள்.

இந்த மாதிரி சின்ன மின்னணு எண்களில் 6-ஐத் திருப்பினால் 9. 8 எப்படிப் பார்த்தாலும் 8. ஆகவே 86-ஐ எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால் அச்சாக 98. நாடித்துடிப்பு வேறு எண்ணாக இருந்திருந்தால் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்திருக்கும். 101 தலைகீழானாலும் 101தான்! எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்துகள் இருந்தன. அவையும் தலைகீழாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் எனக்கு அவை வெறும் புள்ளிகள். ஒரு வியாதியஸ்தருக்கு ஆஸ்பத்திரி அவசரமாகத் தேவை என்று சொல்லும் எண்ணும், கவலை வேண்டாம் என்று சொல்லும் எண்ணும் ஒன்றையொன்று தலைகீழாக்கினால் வருபவை. எண்ணுக்கு அடியில் தடிமனாக ஒரு கோடு போட்டிருந்தால் போதும். அதற்குக் காலணாகூடச் செலவாகாது. எங்களுக்கு அரை நாள் போயிற்று. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் படுக்கை கிடைத்தது. பகவத் சங்கல்பம், பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தாள்.

அந்தக் கருவியின் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் அபாரமானது. ஜப்பானில் டாகுவோ அவோயாகி என்ற எஞ்சினீயர் 1974-ல் கண்டுபிடித்த முறை. பிராணவாயு ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. விரலில் தோல், எலும்பு எல்லாம் ஒளியைத் தடுத்தாலும் நாடியோடு கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டுமே. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தார் அவர். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த மாதத்தில், காலமானார். அவ்வளவு பெரிய மூளை செய்த வேலை, கடைசி அரை அங்குலத்தில், கிழவன் ஒருவன் எண்ணைப் படிக்கும் இடத்தில், தவறிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் கறுப்பாக இருப்பவர்களுக்கு இக்கருவி சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பின மக்களில் 11.7 சதவீதம். நம் நாட்டில் எத்தனை நிறம்! யாருடைய விரலை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி, கடைசி அரை அங்குலத்தைச் சரியாகச் செய்தவர்களைப் பற்றி. இந்தச் சபையில் பாதிப் பேர் புஜத்தில் அம்மைத் தழும்பு இருக்கும். 1960-களில் பெஞ்சமின் ரூபின் என்ற அமெரிக்கர் ஒரு சின்ன ஊசியைச் செய்தார். முனை இரண்டாகப் பிளந்த கவை. மருந்தில் முக்கி எடுத்தால் இரண்டு பற்களுக்கு நடுவே சரியான அளவுத் துளி, பரப்பு இழுவிசையால் தானே நிற்கும். தோலில் பதினைந்து முறை குத்த வேண்டும், அவ்வளவுதான். பழைய முறைக்குத் தேவைப்பட்ட மருந்தில் கால் பங்கு போதும். கிராமத்து ஆள் ஒருவர் சில நிமிஷங்களில் கற்றுக்கொண்டுவிடுவார். அம்மைக் கொப்புளங்களோடு ஒரு குழந்தையின் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, "இப்படி யாராவது இருக்கிறார்களா?" என்று ஊழியர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள். எழுத்தறியாதவருக்கும் படம் புரியும். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

2020 மார்ச்சில் இத்தாலியில் பிரெஷா நகருக்கு அருகே கியாரி என்ற ஊர் ஆஸ்பத்திரியில், பிராணவாயுவைக் காற்றோடு கலக்கும் சிறிய வால்வு தீர்ந்துவிட்டது. இசின்னோவா என்ற சிறு கம்பெனியின் கிறிஸ்தியான் ஃபிரகாசியும் அவருடைய சகாவும் அதை அளந்து வரைந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஓரிரு நாளில் நூறு செய்து கொடுத்தார்கள். சேதி கேள்விப்பட்டு ரெனாட்டோ ஃபவேரோ என்ற ஓய்வு பெற்ற டாக்டர் அவர்களிடம் வந்தார். கடலில் மீன் பார்ப்பவர்கள் அணியும் முழுமுகக் கவசத்தைச் சுவாச முகமூடியாக மாற்ற முடியுமா என்று கேட்டார். கவசம் விற்கும் டெகாத்லான் கம்பெனி வரைபடத்தைக் கொடுத்தது. இவர்கள் இணைப்புத் துண்டைச் செய்து, அதன் வரைபடத்தை உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். இது அங்கீகாரம் பெற்ற சாதனம் அல்ல, வேறு வழியில்லாதபோது நோயாளியின் சம்மதத்தோடு மட்டும் என்றும் கூடவே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. யோசனை சொன்னவர் ரிடயர் ஆனவர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்!

நம் ரயில்வேயும் 2020-ல் ஐயாயிரத்துக்கும் அதிகமான பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றியது. நடுப் பெர்த்தை எடுத்து, ஒரு கழிவறையைக் குளியலறையாக்கி, நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. ஆனால் வடநாட்டு ஜூன் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் ஜுரக்காரன் எப்படிப் படுப்பான்? பெரும்பாலான பெட்டிகள் உபயோகத்துக்கே வரவில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சர்வீஸில் ஒன்பது வருஷம் பர்சேஸ் செக்ஷனில் இருந்தேன். எத்தனை டெண்டர், எத்தனை ஸ்பெசிஃபிகேஷன்! எடை எழுதுவோம், வோல்டேஜ் எழுதுவோம், உத்தரவாதம் எழுதுவோம். இதை உபயோகிக்கப் போகிறவர் யார் என்ற கேள்வியை நான் ஒரு ஃபாரத்திலும் எழுதியதில்லை. எவரும் என்னைக் கேட்டதும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் மனைவி சொன்னது வேறு விஷயம். அத்தனை நாளில் ஒரு மனித முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. எல்லோரும் தலையிலிருந்து கால் வரை வெள்ளைக் கவச உடை. எந்த நர்ஸ் நல்ல மாதிரி, எந்த நர்ஸ் கோபக்காரி என்பதைச் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்பாளாம். எபோலா சமயத்தில், 2015-ல், மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலை ஆசிரியை லைபீரியாவுக்குப் போய், ஊழியர்கள் சிரிக்கும் படத்தை எடுத்து ஸ்டிக்கராக்கி, கவச உடையின் மார்பில் ஒட்ட வைத்தார். 2020-லும் அமெரிக்காவில் சில ஆஸ்பத்திரிகளில் அப்படிச் செய்தார்கள். நான் இதைச் சொன்னபோது அவள், "எனக்கு ராத்திரி டியூட்டி பொண்ணோட முகத்தை ஒரு தடவை பாக்கணும்னு இருந்தது" என்று மட்டும் சொன்னாள்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களில் இரண்டு பேர் டிசைன் படிப்பதாகச் செயலாளர் சொன்னார். அடுத்த நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரம் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். ராத்திரி ஷிஃப்ட் உத்தமம். எங்களைப் போன்ற கிழங்கள் கையில் மருந்துச் சீட்டையும் கருவியையும் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டு ஆக்ஸிமீட்டர் இன்னும் வேலை செய்கிறது. என் மனைவி தன்னுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, எண்ணுக்குக் கீழே வர வேண்டிய பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். பொட்டு மேலே தெரிந்தால் கருவியைத் திருப்ப வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டுக் கருவியையும் கொண்டு வாருங்கள். ஒரு அட்டைப் பொட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.