கொட்டகைக்கு முன் சந்தையைக் காண்க

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கோழிப் பண்ணைக்குக் கடன் வேண்டி வருவோர் கொட்டகையின் நீள அகலத்தைத் திட்டமாகக் கூறுகின்றனர். அந்த முட்டையை எவரிடம் விற்பீர்கள், அவருக்கு இப்பொழுது முட்டை கொடுப்பவர் யார் என்று கேட்டால் விடை வருவதில்லை. ஆழமறியாது காலை விடலாகாது என்பது முன்னோர் வாக்கு. கடன் வாங்கிய பிறகு ஆழம் பார்ப்பதில் பயனில்லை.

நமக்குப் போட்டி அடுத்த தெருவில் பத்துக் கோழி வளர்ப்பவர் அல்லர். நம் மளிகைக் கடைகளில் உள்ள வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் வட்டாரத்திலிருந்து வருவதாகும். அங்குள்ள பெரும் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் கோழிகள் உள்ளன; தீவனத்தையும் தாமே அரைத்துக் கொள்கின்றனர். 1982-ல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையை ஒட்டியே வாணிபம் நடைபெறுகிறது. 500 கோழி வைப்பவரும் அவ்விலைக்கே விற்க நேரும்.

ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்ணும். 500 கோழிக்கு 55 கிலோ ஆகிறது. பெரிய பண்ணையைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய் போய்விடும். குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்கச் சுமார் 20 வாரம் ஆகும் என்பதையும் மறக்கலாகாது. அதுவரை செலவேயன்றி வரவில்லை.

ஆகவே, முதலில் ஒரு மாதம் குறிப்பேட்டுடன் சுற்றி வாருங்கள். சுற்றியுள்ள கடைகளில் வாரத்திற்கு எத்தனை அட்டை முட்டை விற்கிறது, யார் கொண்டுவந்து போடுகிறார், எத்தனை நாள் தவணை தருகிறார் என்று எழுதிக் கொள்ளுங்கள். வாரச் சந்தையில் நாட்டுக் கோழி முட்டை என்ன விலைக்குப் போகிறது, மாலையில் விற்காமல் மீள்வது எவ்வளவு என்று பாருங்கள். நாட்டுக் கோழி குறைவாக இடுவதால் அதன் முட்டைக்கு விலை அதிகம். பெரும் பண்ணையின் போட்டியும் அங்கே குறைவு. சிறு உழவர்க்கு இடமுண்டெனில் பெரும்பாலும் அங்கேதான்.

கறிக்கோழியை ஒப்பந்தத்தில் வளர்க்க எண்ணுவோர், முன்பே வளர்ப்பவர்களிடம் விசாரியுங்கள். குஞ்சும் தீவனமும் நிறுவனத்தாருடையவை. கொட்டகையும் உழைப்பும் நம்முடையவை. ஆண்டிற்கு எத்தனை முறை குஞ்சு விடுகின்றனர், கொட்டகை எத்தனை நாள் வெறுமையாகக் கிடக்கிறது, வளர்ப்புக் கூலி எப்பொழுது கைக்கு வருகிறது என்பவையே அங்கு முக்கியம்.

பிறர் பண்ணையை ஒளிந்து பார்க்க வேண்டா, நேரே கேளுங்கள். ஒரே நாளில் இரு பண்ணைகளுக்குச் செல்லாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் செருப்பிலும் உடையிலும் ஒட்டி வரும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஊரில் பத்துப் பேர் ஒரே தொழிலைக் கேட்டு வந்தால், அவர்களை ஒன்றாக உட்கார வைத்து அந்தக் குறிப்பேடுகளை ஒப்பிடச் செய்யுங்கள். சந்தை மூவருக்கே போதுமெனில் அதை அப்பொழுதே கூறிவிடுங்கள். தொடங்குவோர் தீவனத்தைச் சேர்ந்து வாங்கினால், இன்றைய போட்டியாளர் நாளைய கூட்டாளி ஆவார்.