எந்த ஒத்தடம் நல்லது?

தில்லியில் மார்கழிக் குளிர் இறங்கியதும், தென்னாட்டிலிருந்து வந்து குடியேறிய நமக்கு அதை முதலில் அறிவிப்பது முழங்கால்தான். ஊரில் நொச்சியிலையை வதக்கியும், தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்தும் ஒத்தடம் கொடுத்தோம். இங்கே மூன்றாவது மாடியில் நொச்சிக்கு எங்கே போவது? கடைக்குத்தான் போகிறோம். அங்கே ரப்பர் வெந்நீர்ப் பை, ஜெல் பை, மின்சார ஒத்தடப் பட்டை என்று பல இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை யாவும் செய்யும் வேலை ஒன்றே. சூடு பட்டதும் அவ்விடத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசை தளர்கிறது. வலி சற்றுத் தணிகிறது. மூட்டுத் தேய்மானத்தை எந்தச் சூடும் மாற்றிவிடாது. ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன், உபயோகிக்கப் போகிறவரைப் பார்க்க வேண்டும்.

இதை நாங்கள் பட்டே அறிந்தோம். ஒரு குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்திருந்த தாயாருக்கு மின்சாரப் பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கணுக்கால் வலிக்கு அதை வைத்தபடியே அவர் உறங்கிவிட்டார். பல்லாண்டு நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியிருந்ததை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. காலையில் பெரிய கொப்புளம். "சுடவே இல்லையே" என்றார். புண் ஆற இரண்டு மாதம் சென்றது.

உணர்ச்சி குன்றிய இடத்தில் வைத்தியரைக் கேளாமல் எந்த ஒத்தடமும் கூடாது. மற்றவர்களுக்கு, கழுத்துக்கும் தோளுக்கும் வளைந்து கொடுக்கும் ஜெல் பை ஏற்றது. முதுகுக்கு அகலமான மின்சாரப் பட்டை சௌகரியம்; குறித்த நேரத்தில் தானே நின்றுவிடும் அமைப்பு உள்ளதையே வாங்க வேண்டும். கை நடுங்கும் முதியவருக்கு வெந்நீர்ப் பை ஆகாது. மற்றவர்களும் அதில் கொதிநீர் ஊற்றாமல், சூடான நீரை முக்கால் பைக்கு மேற்படாமல் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூட வேண்டும்.

எதுவாயினும் இடையே துணி வேண்டும். 15 முதல் 20 நிமிஷம் போதும். வலிக் களிம்பு தடவிய இடத்தில் சூடு வைக்கலாகாது. சுளுக்கிய முதல் 48 மணி நேரத்தில் குளிர்ந்த ஒத்தடமே தகும். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் கண்டால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஊரில் ஒத்தடம் கொடுப்பவர், முடிப்பைத் தம் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்னரே நம்மேல் வைப்பார். எந்தக் கருவியை வாங்கினாலும், அந்தக் கையும் அருகில் இருக்கட்டும்.