மன்னிக்கப்பட்டவரும் பாவ அறிக்கையும்



கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட விசுவாசி தன்னை இன்னும் பாவி என்று எண்ணலாமா என்பது இக்கருத்தரங்கின் பொருள். இதைப் பேச நெய்வேலி ஏற்ற ஊர். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின் பல மாவட்டங்களிலிருந்து இங்கே குடியேறிய கிறிஸ்தவர்கள் தத்தம் சபை மரபையும் உடன் கொண்டுவந்தார்கள். ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் இருவரில் ஒருவர் ஞாயிறுதோறும் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை சொல்கிறார். மற்றவரோ, "நான் இரட்சிக்கப்பட்டவன், இனி என்னைப் பாவி என்று சொல்லமாட்டேன்" என்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம்.

வேதாகமமும் இருவருக்கும் இடம் தருகிறது. கொரிந்துச் சபையின் சண்டைகளையும் ஒழுக்கக்கேட்டையும் நன்கு அறிந்திருந்தும் பவுல் அவர்களைப் பரிசுத்தவான்கள் என்றே அழைத்தார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலோ பாவிகளில் முதன்மையானவராகத் தம்மையே காட்டுகிறார். விரும்பும் நன்மையைச் செய்யமுடியாமல் தவிக்கும் ரோமர் 7ஆம் அதிகாரத்து மனிதன் யார்? கிருபை பெறுவதற்கு முந்திய மனிதன் என்று முதலில் படித்த அகஸ்தீன், பெலேஜியருடன் வாதிட்ட பிற்காலத்தில், அது விசுவாசியின் போராட்டமே என்று கருத்தை மாற்றிக்கொண்டார். அந்தத் தடத்தில்தான் லுத்தர், விசுவாசி ஒரே வேளையில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்றார். 1706இல் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியபோது தமிழ் மண்ணுக்கு வந்த போதனை இது. நம் கடலூரிலேயே 1740 முதல் பணிசெய்த கீர்நாண்டரும் அதே மரபினர்.

கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1546இல் இதை வேறு விதமாகத் தீர்த்தது. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் இச்சை எஞ்சியிருக்கிறது, அது பாவத்துக்கு இழுக்கிறது, ஆயினும் அதுவே பாவமாகாது என்றது. ஜான் வெஸ்லி இன்னும் முன்னே சென்று, அன்பில் பூரணப்படுவது இந்த வாழ்நாளிலேயே கூடும் என்று 1766இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நூற்றாண்டுகளின் பிணக்குக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். இந்தக் கேள்வியில் ஒருவரையொருவர் சபிக்கத் தேவையில்லை என்ற அளவுக்கேனும் உலகத் திருச்சபை வந்திருக்கிறது.

நம் நாட்டிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடிய வேளையில், பி. செஞ்சையா தம் சென்னை நண்பர்களோடு ஒரு கட்டுரை நூல் வெளியிட்டார். கிறிஸ்துவில் மனிதன் புதுச் சிருஷ்டியாகிறான், குற்ற விடுதலையோடு நற்செய்தி முடிந்துவிடாது என்பது அவர் அழுத்திச் சொன்னது. நீதிபதியாக இருந்த ஒருவர் நீதிமன்ற மொழியைக் கடந்து சிந்தித்தார் என்பதில் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் பம்புகள் அதை இறைப்பதால்தான் சுரங்கம் சுரங்கமாக நிற்கிறது. மன்னிக்கப்பட்டவரின் வாழ்வும் அப்படியே. அவர் கிறிஸ்துவுக்குச் சொந்தமானவர், அதில் ஐயமில்லை. பாவத்தின் அழுத்தம் ஓயவில்லை, அதிலும் ஐயமில்லை. ஆகவே பாவ அறிக்கையை நிறுத்தலாகாது.

ஆனால் எந்தப் பாவத்தை அறிக்கையிடுகிறோம்? தமிழ்த் திருச்சபையின் வரலாறு நம்மைக் கூண்டில் ஏற்றுவது இங்கேதான். ஆராதனையில் நம்மைப் பாவிகள் என்று சொல்ல நாம் ஒருநாளும் தயங்கியதில்லை; சாதியைப் பாவம் என்று சொல்லத்தான் தயங்கினோம். 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சபையில் சாதி வழக்கத்தை ஒழிக்க முனைந்த புது மிஷனரிமாரை எதிர்த்து எழுதினார். அவருடைய பக்தி ஐயத்துக்கு அப்பாற்பட்டது, அவர் பாடல்கள் இன்றும் நம் நாவில் இருக்கின்றன. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அடியோடு விலக்க ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சாதியை விடுவதைக் காட்டிலும் சபையை விடுவது மேல் என்று லுத்தரன் பக்கம் போனார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்த சுவரோ நம் காலத்துச் செய்தி.

இவர்கள் எல்லோரும் தங்களைப் பாவிகள் என்று ஒப்புக்கொண்டவர்கள்தாமே! அந்த ஒப்புதல் சுவரின் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை. எல்லாரும் பாவிகள் என்று பொதுவில் சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மறுபுறம், பரிசுத்தமாக்கப்பட்டோம் என்று சாட்சி சொல்லும் சபைகளில் சாதி விட்டுப் பெண் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்? திருமண விளம்பரங்களைப் படித்தாலே போதும். பாவி என்ற தாழ்மையும் பரிசுத்தவான் என்ற உறுதியும் ஒரே பாவத்துக்குத் திரை போட்டிருக்கின்றன.

அடித்தட்டில் வைக்கப்பட்ட மக்களிடம் பாவி, பாவி என்று ஓயாமல் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். பிறப்பாலேயே தீட்டு என்று ஊரால் ஒதுக்கப்பட்டவர், தாம் தேவனுடைய பிள்ளை என்பதைத் திருச்சபையில் முதலில் கேட்கவேண்டும். அவருக்கு எதிராகச் செய்த பாவத்தை, செய்தவர்கள்தாம் அறிக்கையிட வேண்டும். ஒரே ஜெபத்தை எல்லார் வாயிலும் சமமாக வைப்பதால் நீதி சமமாகிவிடாது.

கட்டுரை படிக்கவிருக்கும் அறிஞர்களிடம் நான் வேண்டுவது ஒன்று. ரோமரையும் லுத்தரையும் வெஸ்லியையும் ஆழமாக ஆராயுங்கள். கூடவே, உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தையும் கமிட்டிப் பட்டியலையும் ஆராயுங்கள். ஆயர் பெருமக்களே, வரும் ஞாயிறு பாவ அறிக்கையில் சாதி என்ற பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடச் சபைக்குக் கற்றுக்கொடுங்கள்.