காலனி வரைக்கும் வரவேண்டிய பஸ்



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, முகையூர், கண்டாச்சிபுரம், அரகண்டநல்லூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து வந்து படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டவுன் பஸ் இல்லையென்றால் உங்களில் பாதிப் பேர் இந்தப் பட்டத்தை வாங்கியிருக்க முடியாது. நானும் முகையூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவன்தான். அதே தடத்தில் விழுப்புரம் வந்து படித்தேன். அந்தப் பஸ் நம் குடும்பங்களுக்கு என்ன செய்தது, இனி என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்ல இந்த மேடையை எடுத்துக்கொள்கிறேன்.

பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, பட்டியல் சாதி மக்கள் ஏறத்தாழ 29 சதவீதம். மாநில சராசரி 20. நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர்கள் 15 சதவீதம் மட்டுமே. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கிராமத்தில் இருந்த மாவட்டம் அது. அந்தக் கிராமத்தில் நிலம் யாரிடம் இருந்தது என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் கொடுக்க வழி பிறந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் பெயரில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலம் இல்லாதவனுக்கு ஊரில் அண்டியிருப்பது அல்லது வெளியே போவது என்ற இரண்டு வழிகள்தான் இருந்தன. வெளியே போவதற்கு ரோடு வேண்டும். அந்த ரோட்டில் நடப்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது. உங்கள் கொள்ளுத்தாத்தா அப்போது வளர்ந்த ஆளாக இருந்திருப்பார்.

ரோடு கிடைப்பதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு 1879-இல் பாதை போட்டார்கள். பிறகு திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு இன்னொரு பாதை போயிற்று. விழுப்புரம் சந்திப்பாயிற்று. ரயிலில் காசு கொடுத்தவனுக்கு டிக்கெட் உண்டு. தேநீரும் தண்ணீரும் தனித்தனியாக இருந்திருக்கலாம், ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதை ஊர் நாட்டாமை முடிவுசெய்ய முடியவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் போனதும், பெரம்பூர் பின்னி மில்லைச் சுற்றிப் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் நம் ஆட்கள் குடியேறியதும் அந்தப் பெட்டிகளில்தான்.

கோலாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்காக 1894-இல் போட்ட கிளைப் பாதை மாரிக்குப்பம் வரைக்கும் போகிறது. தங்கவயலின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஊருக்கு வேறு தொழில் இல்லை. ஆனால் பாதை இருந்தது. இருட்டு விலகுவதற்குள் வண்டி ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தாண்டி பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களால்தான் அந்த ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டை விற்காமல், கல்லறையில் கிடக்கும் அப்பன் பாட்டனை விட்டுப் பிரியாமல், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றாமல் அவர்கள் பிழைக்க ஒரு சீசன் டிக்கெட் போதுமானதாக இருந்தது.

பஸ்ஸின் கதை வேறு. தொடக்கத்தில் பஸ்கள் எல்லாம் தனியாருடையவை. முதலாளியின் சாதியும் கண்டக்டரின் சாதியும் பஸ்ஸுக்குள் இருந்தன. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பஸ்கள் இந்தத் தமிழ்நாட்டில்தான் ஓடின. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அதன் பிறகுதான் அங்கே கதவு திறந்தது. பிறகு பஸ்கள் அரசுடைமையாயின. 1972-இல் சென்னையில் பல்லவன் கழகம் வந்தது, 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. அரசு கழகம் என்றால் அங்கே இடஒதுக்கீடு உண்டு. காலனிப் பையன் காக்கிச் சட்டை போட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவரிடம் "சில்லறை எடுங்க" என்று சொல்லும் காலம் அப்போதுதான் வந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஊருக்குள் செருப்புப் போட முடியாத மனிதர்களின் பேரன் அவன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கழகம் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்து, 1978 ஜூலையில், இந்த விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். சந்திப்பும் கச்சேரியும் கடைவீதியும் உள்ள நகரம் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் தென்மாவட்டங்களைச் சுட்டெரித்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. நம் பஸ்ஸில் இருந்த தந்தை பெரியார் பெயர் போனதும் அதில்தான். ஒரு தலித் வீரனின் பெயரைப் பஸ்ஸில் பார்க்கப் பொறுக்காத சமூகத்துக்கு, பெயரே இல்லாத பஸ்ஸைக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். அது சரியான தீர்வு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த இதே கதை கடலுக்கு அப்பாலும் நடந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கே போனார்கள். பருத்திக் காட்டுக் குத்தகைக் கடனிலிருந்தும் கும்பல் கொலைகளிலிருந்தும் தப்பிப் போனார்கள். மிசிசிப்பிக்காரர்களைச் சிகாகோவில் கொண்டுபோய்ச் சேர்த்தது இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில். போகாமல் தெற்கிலேயே இருந்தவர்கள் பஸ்ஸுக்காகப் போராடினார்கள். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதானதும் அலபாமாவின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலைக்கு நடந்தே போய் நடந்தே திரும்பினார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தப் போராட்டத்தைவிட, அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு அதிகம் பாடம். 1970-களுக்குப் பிறகு அந்த மக்களின் பிள்ளைகள் தெற்கே திரும்பத் தொடங்கினார்கள். அட்லாண்டா, சார்லட், ஹூஸ்டன், டல்லஸ். வேலை இருந்தது, வீட்டு விலை குறைவு, பாட்டி ஊருக்குப் பக்கம். அதில் அட்லாண்டாவைப் பாருங்கள். அந்த வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து ரயிலும் பஸ்ஸும் விட 1965-இல் ‘மார்ட்டா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளையர் நிறைந்திருந்த காப் மாவட்டம் தொடக்கத்திலேயே சேர மறுத்தது. 1971 வாக்கெடுப்பில் கிளேட்டனும் க்வினெட்டும் மறுத்தன. பஸ் வந்தால் அதில் யார் வருவார்கள் என்ற பயம் அந்த மறுப்புக்குள் இருந்தது. மார்ட்டா ரயில் 1979-இல் ஓடத் தொடங்கியது. ஆனால் மையத்தை ஒட்டிய இரண்டு மாவட்டங்களோடு நின்றுவிட்டது. காலம் போகப் போக கிளேட்டன் மாவட்டமே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடமாயிற்று. அங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்த பஸ்களையும் பணம் இல்லையென்று 2010 மார்ச்சில் நிறுத்தினார்கள். வாங்கிய வீடு இருக்கிறது, வேலை நகரத்தில் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. 2014 நவம்பரில் கிளேட்டன் மக்கள் தங்கள் மேலேயே வரி போட்டுக்கொள்ளச் சம்மதித்துப் பெருவாரியாக வாக்களித்து மார்ட்டாவில் சேர்ந்தார்கள். க்வினெட் 2019-இலும் மறுத்துவிட்டது. அன்றைய வாக்காளர்களின் முடிவுக்கு விலையைக் கொடுத்தவர்கள், 1971-இல் அந்த வாக்கெடுப்பு நடந்தபோது அந்த ஊரிலேயே இல்லாதவர்கள்.

சென்னைக்கு வருவோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் 1931-இலேயே மின்சார ரயில் ஓடிய நகரம் அது. நம் சித்தாளும் கொத்தனாரும் அந்தப் பாதையை நம்பித்தான் சைதாப்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தங்கினார்கள். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டவர்கள் வசதிக்காகப் போடவில்லை. வேலைக்கு நடந்துபோகிற தூரம் அது. 2000-ஆம் ஆண்டிலிருந்து அவர்களை எடுத்து நகரத்தின் ஓரத்திலுள்ள கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வைத்தோம். வீடு கான்கிரீட்தான். ஆனால் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு, காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கு பஸ் வேண்டும். முதல் வருஷங்களில் அந்த பஸ் இல்லாமல் வேலையை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். வீட்டைத் திட்டமிட்டவர்கள் மேசையில் பஸ் அட்டவணை இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். பெரிய நிலையம், சுத்தமான நிலையம். ஆனால் திறந்த அன்று அதற்கென்று ஒரு ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. காரில் வருகிறவருக்கு அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. விழுப்புரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறிச் சாமான் மூட்டையோடும் கைப்பிள்ளையோடும் இறங்குகிற கட்டட வேலைக்காரக் குடும்பத்துக்குத்தான் இன்னொரு பஸ், இன்னொரு டிக்கெட், இன்னொரு மணி நேரம். ரயிலையும் நிலையத்தையும் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

நல்லதையும் சொல்கிறேன். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ரூபாயைவிட இன்னொன்று முக்கியம். வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் ஒரு பெண் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கோ, கடைக்கோ, கல்லூரிக்கோ கிளம்பலாம். இங்கே இன்று பட்டம் வாங்கும் மாணவிகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். 1996-இல் வந்த பள்ளி மாணவர் இலவசப் பாஸுக்கும் இந்தத் திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்களைப் பார்த்து "ஓசி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். மறுத்துப் பேசுங்கள்.

ஆனால் அந்தச் சலுகை பஸ் வந்தால்தான் செல்லும். ட்ரிப் கட்டானால் இலவசமும் கட். காலனிப் பக்கம் வராத பஸ்ஸில் எந்தச் சலுகையும் கிடையாது. பல இடங்களில் பஸ் இன்றும் ஊர்த் தெருவோடு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து காலனிக்கு இருட்டில் நடக்க வேண்டும், அதுவும் ஊர்த் தெரு வழியாக நடக்க வேண்டும். மாலை வகுப்பு, கணினிப் பயிற்சி, போட்டித் தேர்வுப் பயிற்சி என்று பெண்பிள்ளை எதில் சேர்ந்தாலும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுத்தான் வீட்டில் சரி என்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் என்று 2006-07-இல் அறிவித்தார்கள். அப்போது பிறந்த பிள்ளைகள் இன்று இங்கே பட்டம் வாங்குகிறார்கள். செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை.

பிள்ளைகளே, உங்களில் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கிளம்பப்போகிறீர்கள். போங்கள். தயங்காமல் போங்கள். கிராமத்தில் கிடந்து மடிவதை யாரும் உங்களுக்கு ஒரு பண்பாடாகச் சொல்லித்தர விடாதீர்கள். 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் அந்தக் கிராமப் பெருமையைக் கேள்வி கேட்டுவிட்டார். ஆனால் உங்கள் தங்கை இன்னும் அந்தப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கிறாள். உங்களில் சிலர் நாளை குரூப் தேர்வு எழுதி அதிகாரியாவீர்கள், சிலர் பொறியாளர் அலுவலகத்திலும் போக்குவரத்துக் கழகத்திலும் உட்காருவீர்கள். ஒரு தடத்தை நிறுத்தும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். வருமானக் கணக்கு மட்டும் அதில் இருக்கும். அந்த பஸ்ஸில் யார் போகிறார்கள் என்ற பக்கத்தை நீங்கள் சேருங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராமசபை கூடுகிறது. காலனிக்கு ஸ்டாப்பிங், இரவு ஒன்பது மணிக்குக் கடைசி பஸ், காலை முதல் பஸ்ஸுக்காக அங்கேயே நைட் ஹால்ட் என்று மூன்றே வரி மனு எழுதுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நகலைக் கையெழுத்தோடு வாங்கி டெப்போ மேலாளரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள். பட்டதாரி எழுதிய மனுவைத் தள்ளிவைப்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. அடுத்த கிராமசபையில் அந்த மனு உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.