சாப்பாவும் பிணையும்

(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒரு காலத்தில் இந்த மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளியின் அன்றாடப் பிழைப்பைத் தீர்மானித்தது சட்டமல்ல. மூப்பன் வீசியெறிந்த 'சாப்பா' என்னும் உலோக வில்லை. அது கிடைத்தவருக்கு வேலை, கிடைக்காதவருக்குப் பட்டினி. அக்கொடுமையை எதிர்த்த தொழிலாளர்கள் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டையும் எதிர்கொண்டனர். ஏழையின் விடுதலையும் இவ்வாறே தனிமனிதரின் விருப்பத்தைச் சார்ந்து நிற்கும் இடம் ஒன்று இன்றும் உண்டு. அது கீழமை நீதிமன்றத்தின் பிணை ஆணை.

1978ஆம் ஆண்டின் மோதிராம் வழக்கை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரைப் பிணையில் விட உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நிபந்தனையைத் தலைமைக் குற்றவியல் நடுவரிடம் விட்டது. நடுவரோ 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவரது சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி ஏற்க மறுத்தார். உச்சநீதிமன்றம் அளித்த விடுதலை நடுவரின் மேசையில் முடங்கியது.

அதைத் திருத்தியவர், 1957ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். தொலைதூரத்தில் கைதாகும் தமிழரோ மலையாளியோ அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று அவர் கேட்டார். 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் கொத்தனாரை விடுவிக்க ஆணையிட்டார்.

ஆனால் கேள்வி அத்துடன் தீரவில்லை. 45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், உள்ளூர்ப் பிணையாளரை வற்புறுத்துவதே விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று உச்சநீதிமன்றம் மீண்டும் கூற நேர்ந்தது. பிணை கிடைத்தும் ஏழு நாட்களில் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப்பத்திரம் அளிக்க இயலாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது குறித்துப் பரிசீலிக்கலாம். கவனியுங்கள்: 'பரிசீலிக்கலாம்'. முடிவு மறுபடியும் அந்த நடுவரின் கையில்.

சொத்துள்ளவர் அன்று மாலையே வீடு திரும்புகிறார். நிலவரி ரசீது காட்ட வழியற்ற புலம்பெயர் தொழிலாளி, குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே தண்டனையை அனுபவிக்கிறார். அவர் அறிந்த அரசின் கொள்கை அந்த நடுவரின் ஆணை மட்டுமே.

நல்ல மூப்பன் வந்ததால் சாப்பா ஒழியவில்லை. தொழிலாளர் ஒன்றுபட்டதால் ஒழிந்தது. கிருஷ்ணய்யர்களுக்காகக் காத்திருப்பதும் நம் வழியன்று. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பிணை கிடைத்தும் சிறையில் வாடுவோரைக் கண்டறிய வேண்டும். ஏழாம் நாளே ஆணைக்குழுவின் கதவைத் தட்ட வேண்டும். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு அளிக்கச் செய்ய வேண்டும். நடுவரின் விருப்பம் ஏழையின் உரிமையாக மாறும் வரை இப்பணி தொடர வேண்டும், தோழர்களே.