புள்ளடியும் மூன்று எண்களும்

காரைதீவுக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் நெல்வயலுமாகக் கிடக்கும் நிந்தவூர், ஒரு காலத்தில் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றின் பெயராகவும் விளங்கிற்று. 1960ஆம் ஆண்டு மார்ச்சு 19இல் அத்தொகுதி தன் முதல் தேர்தலைக் கண்டது. அதே ஆண்டு யூலையில் மறுபடியும் ஒரு தேர்தல்; பின்னர் 1965, 1970. 1977 தேர்தலுக்கென எல்லைகள் மீள வகுக்கப்பட்டபோது சம்மாந்துறைத் தொகுதி தோன்றியது. நிந்தவூர்த் தொகுதி இல்லாதொழிந்தது. நான்கே தேர்தல்களின் ஆயுள்!

அக்காலத்துத் தேர்தல் எளிமையானது. வாக்காளர் ஒரு புள்ளடி இடுவார். தொகுதிக்கு ஓர் உறுப்பினர் கிடைப்பார். வாய்க்கால் தூர்ந்தாலும் பாடசாலைக்கு ஆசிரியர் வராவிட்டாலும் யாரிடம் போய்க் கேட்பது என்பது போடியாருக்கும் தெரியும், கரைவலை இழுப்பவருக்கும் தெரியும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இதனை மாற்றியது. அம்பாறை மாவட்டம் முழுவதும் திகாமடுல்லை என்னும் ஒரே தேர்தல் மாவட்டமாயிற்று. மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம். எஞ்சியவை வாக்குகளின் அளவுக்கேற்பப் பகிரப்படும். இப்பங்கீட்டில் இடம்பெற எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும் என்றிருந்த விதி, 1988இல் இருபதில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. சிறிய கட்சிகளுக்கு இது கதவு திறந்தாற்போலாயிற்று. 1989 பெப்ரவரித் தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் முஸ்லிம் காங்கிரசின் சார்பில் இம்மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

நன்மை இதுவாக, தொல்லை வேறிடத்தில் முளைத்தது. அதே 1988ஆம் ஆண்டில் விருப்பு வாக்கும் கொண்டுவரப்பட்டது. வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி இடவேண்டும். அதன்பின் அக்கட்சி வேட்பாளர்களின் எண்களுள் மூன்று வரை தெரிவு செய்யலாம். கட்சிக்குப் புள்ளடி இடாமல் எண்களை மட்டும் குறித்தால் வாக்கு வீணாகும் என்பதை வீட்டிலுள்ள முதியோருக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைப்பது பேரப்பிள்ளைகளின் கடன்.

இனி, ஒரே கட்சிப் பட்டியலில் நிந்தவூராரும் இருப்பார். சம்மாந்துறையார், கல்முனையார், அக்கரைப்பற்றாரும் இருப்பர். கட்சியின் வெற்றிக்கு இவ்வூர்கள் அனைத்தும் ஒன்றுகூட வேண்டும். வெற்றிபெற்ற ஆசனம் யாருக்கு என்னும்போதோ அவை ஒன்றோடொன்று போட்டியிட வேண்டும். இரண்டாவது விருப்பை அயலூராருக்கு அளித்தால், அந்த வாக்கே நம்மூராரைக் கீழே தள்ளிவிடக்கூடும். ஆகவே, "நம் எண்ணை மாத்திரம் குறியுங்கள், மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்" என்ற பேச்சு எழுகிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் பெண் கொண்டும் கொடுத்தும், ஒரே வட்டையில் நீர் பாய்ச்சியும் வாழும் ஊர்களுக்கிடையே இக்கணக்கு விதைக்கும் கசப்பு, தேர்தல் முடிந்த மறுநாளே வற்றிப்போவதில்லை.

2024 நவம்பர் 14இல் நடந்த தேர்தலில் திகாமடுல்லையின் ஏழு ஆசனங்களுள் நான்கைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. எஞ்சிய மூன்றும் தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாய்ப் போயின. கட்சிக்கு ஓர் ஆசனமே கிடைக்கும்போது பட்டியலில் உள்ள பத்துப்பேருள் விருப்பு வாக்கில் முதல்வராய் வருபவர் ஒருவரே உள்ளே போகிறார். ஏனைய ஒன்பது பேரும், அவர்களுக்காக வீடுவீடாய் நடந்த ஊரவரும், அடுத்த தேர்தல் வரை வெளியே நிற்கின்றனர்.