நகலெடுத்த கைகள்



இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி என்றதும் ஓர் உருவம் பலருடைய மனக்கண்ணில் வந்து நிற்கும். கால்களை அகட்டி ஊன்றி, தோள்களை விரித்து, நம்மை நேருக்கு நேர் பார்க்கும் பருத்த உடம்பு. பள்ளிப் பாடநூலிலும் திரைப்படத்திலும் பார்த்துப் பழகிய தோற்றம் அது. அந்தத் தோற்றத்தை நமக்குத் தந்தவர் ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஓவியர். 1537-ல் லண்டன் வொயிட்ஹால் அரண்மனையின் சுவரில் அதை ஆளுயரத்துக்குத் தீட்டினார். இன்று அந்தச் சுவரே இல்லை. 1698 ஜனவரியில் அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது ஓவியமும் சாம்பலாகிவிட்டது.

அப்படியென்றால் அந்த ஓவியம் எப்படி இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்து நகல் எடுத்தவர்களால் தெரியும். அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தீ விபத்துக்கு 31 ஆண்டுகள் முன்பு, 1667-ல், இரண்டாம் சார்லஸ் மன்னருக்காக ரெமிஜியஸ் வான் லெம்புட் என்ற ஓவியர் அந்தச் சுவரோவியத்தைத் தைல வண்ணத்தில் நகல் எடுத்தார். சிறிய படம்தான், ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. பின்னால் எட்டாம் ஹென்றியின் தந்தை ஏழாம் ஹென்றியும் அவர் மனைவி எலிசபெத்தும், முன்னால் எட்டாம் ஹென்றியும் அவர் மனைவி ஜேன் சீமோரும், நடுவே லத்தீன் எழுத்துகள் பொறித்த கல். ஹோல்பைன் சுவரில் தீட்டுவதற்கு முன் காகிதத்தில் வரைந்த மாதிரியும் பிழைத்திருக்கிறது. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் அதைப் பார்க்கலாம். ஆனால் அதில் இடப்பக்கப் பாதி மட்டுமே உண்டு, ராணிகள் இல்லை. அதில் எட்டாம் ஹென்றியின் முகமும் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. சுவரில் அவர் நேராகப் பார்த்தபடி நின்றார் என்பதை நமக்குக் காட்டுபவை நகல்கள்தாம்.

லெம்புட்டுக்கு முன்பே பிரபுக்கள் அந்த ஓவியத்திலிருந்து மன்னரை மட்டும் தனியாக நகல் எடுக்கச் சொல்லித் தங்கள் மாளிகைகளில் மாட்டிக்கொண்டார்கள். அரசரின் படம் வீட்டில் இருப்பது விசுவாசத்தின் அடையாளம். அப்படி ஒரு பெரிய நகல் இன்று லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நகல் என்றால் மட்டமானது என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் அப்படி இல்லை. உருவப்படங்கள் பல, பிரதிகளாகப் பெருகுவதற்காகவே தீட்டப்பட்டன. மகளுக்குக் கல்யாணமானால் அவள் புகுந்த வீட்டுக்கு ஒரு பிரதி போகும். மூத்த மகனுக்கு மூலப்படம் போனால் இளையவனுக்கு நகல் கிடைக்கும். பீட்டர் லெலி என்ற அரசவை ஓவியரின் பட்டறையில், உட்காரும் நிற்கும் தோரணைகளுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். லெலி முகத்தைத் தீட்டுவார். பட்டாடையையும் பின்னணியையும் உதவியாளர்கள் முடிப்பார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபின் ஆலன் ராம்சே என்ற ஓவியர் அவரை முழு உருவமாகத் தீட்டினார். அந்தப் படத்திலிருந்து அவருடைய பட்டறை நூற்றுக்கும் மேற்பட்ட நகல்களைச் செய்து, தூதர்களுக்கும் கடல் கடந்த ஆளுநர்களுக்கும் அனுப்பியது. பலர் தங்கள் அரசரின் முகத்தை அறிந்தது அந்த உதவியாளர்களின் தூரிகை வழியாகவும்தான்.

இந்த வேலை லேசானதல்ல. மூலப்படத்தின் மேல் கட்டங்கள் அமைத்து, அதே கட்டங்களைப் புதிய கித்தானில் போட்டு, கட்டம் கட்டமாகக் கோடுகளை மாற்ற வேண்டும். முதலில் மங்கிய நிறத்தில் ஒளியும் நிழலும். அது காய்ந்தபின் அதன் மேல் நிறம். அதுவும் காய்ந்தபின், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் மெல்லிய வண்ணப் பூச்சு. ஆளிவிதை எண்ணெய் நிதானமாகத்தான் உலரும். அவசரப்பட்டால் பின்னாளில் வெடிப்பு விழும். ஒரு சீமாட்டியின் சரிகைக் கழுத்துப்பட்டிக்கே நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற உருவப்பட ஓவியர் பயன்படுத்திய சில சிவப்புச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளிறிப்போகும் தன்மை கொண்டவை. அவர் உயிரோடு இருந்தபோதே அவர் தீட்டிய கன்னங்கள் சில வெளுத்துவிட்டன. இன்று நகலெடுப்பவர் எதைத் தீட்டுவது? கண்முன் இருக்கும் வெளிறிய முகத்தையா, ரெனால்ட்ஸ் பார்த்த ரத்தச் சிவப்பையா? இதற்கு அச்சு இயந்திரத்திடம் பதில் இல்லை. படத்தின் முன் நெடுநேரம் நின்று யோசிக்கும் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் கையால் தீட்டிய நகலுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

நகல் வேறு, போலி வேறு. "இது ஹோல்பைனைப் பார்த்து நான் தீட்டியது" என்று சொன்னால் அது நகல். "இது ஹோல்பைனே தீட்டியது" என்று சொல்லி விற்றால் அது போலி. இரண்டுக்கும் கைத்திறன் ஒன்றாகவே இருக்கலாம். பிரிப்பது உண்மை மட்டுமே.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆங்கிலேய அரச குடும்பத்தார், ஆளுநர்களின் பெரிய தைல வண்ணப் படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அங்கேயோ வேறெங்கோ அத்தகைய படத்தின் முன் நிற்கும்போது, படத்தில் இருப்பவர் யார் என்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். தீட்டிய கை யாருடையது என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு பழைய ஓவியத்தின் நகலைத் தீட்டி வாங்கினால், மூல ஓவியரின் பெயரோடு நகலெடுத்தவரின் பெயரையும் ஆண்டையும் கித்தானின் பின்புறம் எழுதித்தரச் சொல்லுங்கள். லெம்புட்டின் பெயர் நமக்குத் தெரியும். வாக்கர் கலைக்கூடத்து ஹென்றியைத் தீட்டியவரின் பெயர் யாருக்கும் தெரியாது.